மூன்றாவது படுக்கைக்கு நான் வாசித்த கதை

என் அன்பு மகனுக்கு,

உன் அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று போன ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா சொல்லக் கேட்டு மனம் ஆறினேன். அந்த ஒரு செய்தியாவது மாறாமல் நீடிக்கட்டும். இங்கே நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை, உடம்பைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் தன் இருப்பைத் தெரிவிக்கிறது. சமையலறைக் குழாய் சொட்டுவதை நான்காவது ஆள் வந்து நிறுத்திவிட்டுப் போனான், முதல் மூன்று பேரும் அதை இன்னும் நன்றாகச் சொட்டவைத்துவிட்டுப் போனார்கள். உன் அக்கா மருந்துக்கடையில் நாள் முழுதும் நின்றுகொண்டே இருந்து கால் வீங்கி வருகிறாள், சொன்னால் கேட்பதில்லை. அவள் மகள் பல்லுக்குக் கம்பி கட்டியதிலிருந்து சிரிக்கமாட்டேன் என்று சபதம் எடுத்திருக்கிறாள், ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரும் வேளையில் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். இதையெல்லாம் அக்காவே உனக்குச் சொல்லியிருப்பாள். அவளுக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் நான் இந்தத் தாளை எடுத்தேன். தொலைபேசியில் சொல்லத் துணிவில்லை. நீ மறுமுனையில் பேசாமல் இருப்பாய், அந்த மௌனம் தாங்காமல் நான் அங்கே மழையா வெயிலா என்று கேட்டுவிடுவேன். மூன்று ஆண்டுகளாக மாதம் ஒருமுறை நாம் செய்துகொண்டிருப்பது அதுதானே.

உன் ‘சாம்பல் விளக்கு’ நாவல் வெளிவந்தபோது முதல் பிரதியை எனக்கு அனுப்பினாய். ‘அம்மாவுக்கு, கோபப்படாமல் படிக்க’ என்று உள்ளே எழுதியிருந்தாய். நான் முப்பது பக்கம் படித்தேன், கோபப்பட்டேன், அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் அதை வைத்துப் பூட்டினேன். பேசாத ஒரு தெய்வம், அதற்கு விளக்கேற்றும் பதினேழு வயதுப் பெண், நிழல்நாட்டிலிருந்து வந்த ஓர் இளைஞன்மேல் அவளுக்கு வரும் காதல், எல்லாவற்றின் மேலும் கவிந்திருக்கும் இருட்டு. இளையவர்கள் இதைப் பேருந்தில் நின்றுகொண்டே படிக்கிறார்கள் என்று பிறர் சொன்னபோது எனக்குப் பெருமை வரவில்லை, வெட்கம் வந்தது. இறைவனை ஊமை என்று எழுதிய கையால் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம் என்று உனக்கு எழுதினேன். சிறு வயதில் எதிலும் என் சொல் கேட்காத நீ, அந்த ஒன்றை மட்டும் அப்படியே கேட்டாய். யாராவது உன்னைப் பற்றி விசாரித்தால் கணினி வேலை பார்க்கிறான் என்று சொல்லிவந்தேன். பொய் சொல்லக்கூடாது என்று முப்பத்தொரு ஆண்டுகள் வகுப்பில் செய்யுளும் மறையும் சொல்லிக்கொடுத்த வாய் அது.

நான் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் பிற்பகல் மூன்று மணிக்கு மருத்துவமனைக்குப் போவது உனக்குத் தெரியும். கண் நோயாளிகள் இருக்கும் பிரிவில் ஆறு படுக்கைகள். கண் கட்டியிருப்பவர்களுக்குப் பொழுது போகாது என்பதால், விரும்புகிறவர்களுக்கு மறைநூலிலிருந்தும் பழம்பாடல்களிலிருந்தும் வாசிப்பேன். நான்கு மாதங்களுக்கு முன் ஒருநாள் தலைமை நர்ஸ் என்னை வாசலிலேயே நிறுத்தி, “டீச்சர், மூணாவது பெட்ல புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு. சாமி புக்குன்னா வேணாமாம். பேச்சு மட்டும் நிக்கவே நிக்காது, நாங்க ரேடியோன்னுதான் கூப்பிடறோம், நீங்களே பாத்துக்கோங்க” என்று சிரித்தாள். செருப்புத் தொழிற்சாலையில் அடிப்பாகம் ஒட்டும் வேலை பார்க்கிற பெண், வயது இருபது. லிஃப்ட் பழுது பார்க்கிற இளைஞன் ஒருவனோடு பைக்கில் போகும்போது லாரி மோதி, உடைந்த கண்ணாடி இவள் இரண்டு கண்ணிலும் புகுந்துவிட்டது. அவன் தலையில் அடிபட்டு நினைவின்றி அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். அவள் அவனைத் தாடி என்றுதான் சொல்வாள். அவனுக்குத் தாடி நாலே நாலு முடிதானாம். “இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் முக்கி முனகிக்கிட்டு போறதைக் கேட்டீங்களா டீச்சர், தாடி எழுந்திரிச்சான்னா முதல் வேலையா இதைத்தான் திட்டுவான்” என்றாள் முதல் நாளே. பிறகு தலையணைக்கு அடியிலிருந்து, விபத்தில் முனை மழுங்கிய ஒரு புத்தகத்தை எடுத்து, “இதை வாசிப்பீங்களா, பத்தாம் பக்கத்துலயே நிக்குது, அவன்தான் வாங்கிக் கொடுத்தான்” என்று என் பக்கம் நீட்டினாள். கறுப்பு அட்டை, அணைந்த விளக்கை ஏந்திய பெண். நான் போர்வைக்கு அடியில் பூட்டிவைத்தது அவள் தலையணைக்கு அடியில் இருந்தது.

அப்போதே மறுத்திருக்க வேண்டும், அல்லது அப்படியே வாசித்திருக்க வேண்டும். இரண்டையும் விட்டு நான் மூன்றாவது ஒன்றைச் செய்தேன். பள்ளியில் நான் பாடம் நடத்திய விதம் உனக்கு நினைவிருக்கும். பழைய காதல் செய்யுள்களில் வயதுக்குத் தகாதவை என்று எனக்குப் பட்ட அடிகளின் மேல் வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டிவிட்டுத்தான் புத்தகத்தை மாணவிகளிடம் கொடுப்பேன், நீயே கோந்து தடவித் தந்திருக்கிறாய். வாய்விட்டு வாசிக்கும்போது ஒரு வரியைத் தாண்டி அடுத்ததோடு சேர்த்துவிட எனக்கு மூச்சு விடுகிற நேரம்கூட வேண்டாம். எந்த மாணவியும் கண்டுபிடித்ததில்லை. கண்ணைக் கட்டிப் படுத்திருக்கும் ஒரு பெண்ணா கண்டுபிடிக்கப் போகிறாள்? உன் தெய்வம் பேசாத இடங்களில் நான் அதைப் பேசவைத்தேன். விளக்குக்காரி சினந்து கேட்கும் கேள்விகளை விண்ணப்பமாக மாற்றினேன். அவர்கள் முத்தமிடும் இடத்தில் மழை பெய்தது என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டினேன். மழை அடிக்கடி பெய்தது. ஒருநாள் அவள், “என்ன டீச்சர், இந்த ஊர்ல வெயிலே அடிக்காதா” என்று கேட்டாள். அடுத்த படுக்கைக்காரி வாய்விட்டுச் சிரித்தாள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் மகிழ்ச்சியில், புனைபெயரில் இதை எழுதியவன் என் பிள்ளை என்று சொல்லிவிட்டேன். “ஐயோ, பையனா எழுதுனது? நான் பொண்ணுன்னேன், தாடி ஆம்பளைதான்னான், எப்பவும் அவன்தான் ஜெயிக்கிறான்” என்று கட்டிலைத் தட்டினாள். அதன்பிறகு நான் வாசித்ததில் அவளுக்கு ஐயமே எழவில்லை. எழுதியவனைப் பெற்றவள் வாசிக்கிறாள் அல்லவா.

பன்னிரண்டாம் அத்தியாயம் வந்தது. நிழல்நாட்டு அரசி அவன் மூச்சில் பாதியை எடுத்துக்கொள்ள, அவன் நினைவின்றிக் கிடக்கிறான். இருபத்தொரு நாள் வேண்டினால் தெய்வம் இரங்கும் என்று கோயிலின் மூத்த காவலி சொல்லுகிறாள். நீ எழுதியபடி, விளக்குக்காரி வேண்டுதலை இரண்டாம் நாளே பாதியில் விட்டுவிட்டு, காவலை மீறி அவன் அறைக்குள் நுழைந்து, அவன் பக்கத்தில் படுத்து, அவன் கையைத் தன் கழுத்தடியில் வைத்துக்கொண்டு, காதோடு காதாகப் பேசிக்கொண்டே இருக்கிறாள். திருமணமாகாத பெண், நினைவில்லாத ஆண், நடுவே கைவிடப்பட்ட ஒரு வேண்டுதல். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் என் காது சுட்டது. இங்கே மழை போதாது என்று தோன்றியது. ஏட்டைப் பார்த்தபடியே, நிறுத்தாமல், நானாகவே சொன்னேன்: வேண்டுதல் முடியும்வரை அவன் இருக்கும் அறையின் வாசலை மிதிப்பதில்லை, அவன் கையைத் தொடுவதில்லை, அவனோடு ஒரு சொல் பேசுவதில்லை, அந்த ஆசையையே இறைவனுக்குக் காணிக்கையாக வைக்கிறேன் என்று விளக்குக்காரி நோன்பு பூண்டாள். சொல்லச் சொல்ல எனக்கே அது அழகாக இருந்தது. உன் இருட்டுக்குள் நான் ஒரு சுடரை ஏற்றிவிட்டேன் என்று இறுமாந்தேன். அந்தச் சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன், இறுமாப்புதான் அது.

அடுத்த முறை நான் போனபோது ரேடியோ பேசவில்லை. கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு உதடு மட்டும் அசையப் படுத்திருந்தாள். நர்ஸ் என்னிடம், “என்ன மந்திரம் போட்டீங்க டீச்சர், இது ரெண்டு நாளா வேளைக்கு வேளை கும்பிடுது” என்றாள். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் மெதுவாக, “நானும் எடுத்துட்டேன் டீச்சர், இருபத்தொரு நாள். மேல போக மாட்டேன், அவன்கூடப் பேச மாட்டேன். எனக்கு சாமியெல்லாம் தெரியாது, ஆனா அந்தப் பொண்ணால முடிஞ்சா என்னாலயும் முடியும்ல” என்றாள். மகனே, அந்த நிமிடம் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. நான் அவள் நெற்றியில் கைவைத்து வாழ்த்தினேன். என் வாசிப்பால் ஓர் உயிர் இறைவன் பக்கம் திரும்பியதே என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். அந்த வாரம்தான் அவள் படுக்கையை விட்டு எழ அனுமதி கிடைத்திருந்தது, மேலே கூட்டிப்போக நர்ஸ் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தபோதெல்லாம் அவள் வேண்டாம் என்றாள். கதையை நான் இழுத்துக்கொண்டே போனேன், அவள் நாளும் என் கதையின் நாளும் ஒன்றாக முடியவேண்டும் என்று கணக்காக.

பத்தாம் நாள் அந்த இளைஞனின் தாய் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அலுவலகங்களில் தரை துடைக்கிற பெண். கையில் இன்னும் அந்தச் சோப்பு வாசனை இருந்தது, மேலே உள்ளே போவதற்குக் காலில் மாட்டிய நீல உறையைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தாள். முதலில் இந்தக் காதல் அவளுக்குப் பிடித்ததில்லை என்று ரேடியோ முன்பே எனக்குச் சொல்லியிருந்தாள். அந்தத் தாய் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அம்மாடி, நான் உன்னை என்னென்னமோ பேசியிருக்கேன், அதையெல்லாம் மனசுல வெச்சுக்காத. டாக்டர், தெரிஞ்ச குரல் யாராவது பேசுங்கன்றாரு. நான் பேசிப் பேசிப் பாத்துட்டேன், என் குரலை அவன் வீட்லயே காதுல வாங்க மாட்டான். நீ வாடி, ஒரு தடவை வந்து அவனைத் திட்டு” என்றாள். சொல்லும்போதே அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு. ரேடியோவின் முகம் என் நாற்காலி இருந்த பக்கம் திரும்பியது. கட்டுப்போட்ட கண்ணோடு அவள் என்னைத்தான் தேடினாள். புத்தகம் என் மடியில் விரிந்திருந்தது, பன்னிரண்டாம் அத்தியாயத்துக்குள் என் விரல் இருந்தது, என் விரல் நுனியில் அவள் அறைக்குள் போனாள் என்று நீ எழுதிய வரி இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. பேசாத தெய்வத்தை எழுதினாய் என்று உன்மேல் சினந்தவள் நான். ரேடியோ அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் பதினொரு நாள்தான் அத்தை, அவனே எழுந்து வருவான், நான் போனா கெட்டுடும்” என்றாள். அந்தத் தாய் கையை விடுவித்துக்கொண்டாள். பிறகு நீல உறை தரையில் சரசரக்க நடந்து போனாள்.

பதினேழாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அவன் போய்விட்டான். அன்று வியாழன், எனக்கு யாரும் சொல்லவில்லை, நான் வழக்கம்போல் மூன்று மணிக்குப் போனேன். வாசலிலேயே நர்ஸ் செய்தியைச் சொன்னாள். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என் செருப்பு ஓசை கேட்டதும், “முடிவைச் சொல்லிடுங்க டீச்சர். அவன் எழுந்தானா” என்று கேட்டாள். உன் நாவலில் அவன் எழுவதில்லை. அவள் கையிலேயே அடங்குகிறான், தெய்வம் அப்போதும் பேசவில்லை, அவள் விளக்கை அணைத்துவிட்டு இருட்டுக்குள் நடந்து போகிறாள். எனக்கு அது தெரியும், முன்னாலேயே படித்திருந்தேன். ஆனால் தெய்வம் கைவிட்டது என்று அந்த நாளில் அந்தப் பெண்ணின் காதில் என் வாயால் சொல்ல முடியவில்லை. எழுந்தான் என்று சொன்னேன். அவள், “அப்ப என் தப்புதான். பதிமூணாம் நாள் மாத்திரை போட்டுத் தூங்கிட்டேன் டீச்சர், மதிய வேளை ஒண்ணு விட்டுப்போச்சு. அதான்” என்றாள்.

மகனே, உனக்குப் பதினொரு வயதில் உன் அப்பா அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தபோது, ஒரு மாலை மட்டும் நீ பந்து விளையாடப் போய்விட்டு வேண்டுதலுக்கு வரவில்லை. மறுநாள் எல்லாம் முடிந்தபின் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, நான் வராததாலயா அம்மா என்று கேட்டாய். இனிமேலாவது தவறவிடாதே என்று சொன்னேன். துக்கத்தில் சொன்னது என்று இத்தனை ஆண்டு எனக்கு நானே சொல்லிவந்தேன். உன் நாவலில் மூத்த காவலி விளக்குக்காரியிடம் அதே சொற்களைச் சொல்லும் பக்கத்தைப் படித்த அன்று, அவள் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் அந்தப் பக்கத்தையும் நான் ரேடியோவுக்கு வாசிக்கவில்லை. உன்னிடம் அப்படிச் சொன்னேன், தன் தப்பு என்ற அவளை மறுக்காமல் இருந்தேன். இரண்டும் ஒன்றுதான்.

பத்து நாள் கழித்து அவள் கட்டை அவிழ்த்தார்கள். இடது கண் போய்விட்டது, வலது கண்ணுக்கு எழுத்து தெரிகிறது. அவள் முதலில் கேட்டது புத்தகத்தையாம். நர்ஸ் எனக்கு ஆள் அனுப்பினாள். நான் போனபோது கட்டில்மேல் ஒன்றல்ல, இரண்டு பிரதிகள் இருந்தன. “இதுல அந்த நோன்பே இல்லை டீச்சர். வேற பதிப்பு போல, எங்க கம்பெனில கூட வேலை பாக்கறவகிட்ட இருக்கறதை வாங்கிட்டு வரச் சொன்னேன். அதுலயும் இல்லை. உங்க வீட்ல இருக்கறது வேறயா” என்று கேட்டாள். அதுவரை அவள் என்னைச் சந்தேகிக்கவில்லை. அச்சடித்தவர்களைச் சந்தேகித்தாள், தன் ஒற்றைக் கண்ணைச் சந்தேகித்தாள். அந்தக் கண் என்னைப் பார்த்தது, அன்றுதான் அவள் முதன்முதலாக என் முகத்தைப் பார்க்கிறாள். நான் சொல்லிவிட்டேன். ஒன்றையும் தாண்டவில்லை. மழையிலிருந்து தொடங்கி எழுந்தான் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள், புத்தகத்தை எறிவாள் என்று எதிர்பார்த்தேன், அதை ஏந்திக்கொள்ள விரும்பினேன் என்றுகூடச் சொல்லலாம். அவள், “அவங்க அம்மா வந்து நின்னாங்களே, அப்பவும் தெரியுமா” என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். பிறகு புத்தகத்தை என் பக்கம் தள்ளி, “பன்னிரண்டாவதை வாசிங்க” என்றாள். வாசித்தேன். ஆறு படுக்கையும் கேட்க, முத்தத்தை முத்தம் என்றே வாசித்தேன், தெய்வத்தின்மேல் விளக்குக்காரி வீசும் சொற்களை அப்படியே வாசித்தேன். என் குரல் என்னுடையதாக இல்லை. முடித்தபோது அவள் கண்ணை மூடியிருந்தாள். “கையாவது பிடிச்சிருப்பேன் டீச்சர்” என்றாள்.

அதன்பிறகு நான் அந்தப் பிரிவுக்குப் போகவில்லை. காலையில் எழுந்து குளித்து வழக்கமான இடத்தில் உட்காருகிறேன், பாடல்கள் நாவில் தாமாக வருகின்றன, அறுபது ஆண்டுப் பழக்கம் அல்லவா. ஆனால் கேட்கும் இடம் வந்ததும் நாக்கு நின்றுவிடுகிறது. என்ன கேட்பது, யார் பேரால் கேட்பது? இறைவன் வாயில் நானே சொல்லை வைத்துப் பேசவைத்து, அதைக் கேட்டு ஒருத்தி தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இறைவன் அங்கே இருந்தாரா, இருந்தும் என்னைத் தடுக்கவில்லையா, அல்லது நான் உன்மேல் பழி சொன்னதுபோல அவர் உண்மையில் பேசாதவர்தானா என்று யோசித்துப் பார்க்கிறேன். யோசிக்கவே அஞ்சியது ஒருகாலம், இப்போது அந்த அச்சமும் இல்லை, அதுதான் எனக்குப் பெரிய வறட்சியாக இருக்கிறது. அன்பரைத் தலைவியாகவும் இறைவனைத் தலைவனாகவும் வைத்துப் பாடிய பாடல்களை எத்தனை வகுப்பில் உருகி உருகி நடத்தியிருக்கிறேன். பிரிவில் மெலிந்த தோளும் கழன்ற வளையும் அங்கே வந்தால் எனக்குப் புனிதம். இறைவனுக்காக ஏங்குகிற பெண்ணைக் கொண்டாடினேன், கட்டிலில் கிடக்கும் ஒரு மனிதனுக்காக ஏங்கிய பெண்ணின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டினேன். இரண்டு ஏக்கத்துக்கும் ஒரே சொற்கள்தாம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தவள் செய்ததால்தான் இதற்கு மன்னிப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. உன் நாவலை இப்போது முழுவதும் இருமுறை படித்துவிட்டேன். அதில் நான் தெய்வ நிந்தனையைக் காணவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை ஒருவன் பதில் கேட்டு நிற்பதைக் கண்டேன். பதில் என்னிடம் இன்றும் இல்லை. நீ விளையாடப் போனதால் உன் அப்பா சாகவில்லை என்பது ஒன்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. முப்பது ஆண்டு தாமதமாகச் சொல்கிறேன்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை, அதற்கு உன்னைத் தொந்தரவு செய்ய எனக்கு முகமும் இல்லை. வீடு திரும்பிய பின் ரேடியோ என்னைத் தேடி வந்து ஒன்று கேட்டாள், அதற்காகத்தான் எழுதுகிறேன். அறைக்குள் போன விளக்குக்காரி அவன் காதில் பேசிக்கொண்டே இருந்தாள் என்று எழுதியிருக்கிறாய், என்ன பேசினாள் என்று எழுதவில்லை. ரேடியோ என்னிடம், “அது மட்டும் அவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க டீச்சர். நான் அவனைப் புதைச்ச இடத்துக்கு மறுபடி போகணும். போய் நின்னா எனக்கு வாயே வரலை, எனக்கே வரலைன்னா பாத்துக்கோங்க” என்றாள். எனக்குத் தெரிந்த செய்யுள் அனைத்தையும் அவளுக்காகத் துழாவிப் பார்த்தேன். தூது உண்டு, புலம்பல் உண்டு, விண்ணப்பம் உண்டு. வேண்டுதல் எதுவும் இல்லாமல், ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டு அவன் காதில் சொல்லக்கூடிய சாதாரணச் சொற்கள் எனக்கு எதிலும் அகப்படவில்லை. உன்னிடம் இருக்கும். நீ எழுதாமல் விட்டாய் என்றால் உனக்குத் தெரிந்துதான் விட்டிருப்பாய். அவளுக்கு எழுது. அவள் லிஃப்ட் ஓசையைக் கேட்டால் இப்போதும் பேச்சை நிறுத்திவிடுவாள் என்பதையும், அவனுக்கு நாலே முடித் தாடி என்பதையும், அவர்கள் ஓயாமல் பந்தயம் கட்டிக்கொள்வார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு எழுது. ஒற்றைக் கண் சீக்கிரம் களைத்துவிடுகிறது, ஆகவே பெரிய எழுத்தில் எழுது.

மருமகளுக்கு என் அன்பைச் சொல். வேளைக்குச் சாப்பிடு, குளிர் நாளில் காதை மூடிக்கொள், சளி பிடித்தால் உனக்கு உடனே நெஞ்சுக்கு இறங்கிவிடும். நீங்கள் இருவரும் நீண்ட நாள் ஒருவருக்கொருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். யாரிடம் கேட்டு இந்த வாழ்த்தைச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை, தாய் வாழ்த்துகிறேன் என்று மட்டும் எடுத்துக்கொள். அந்தப் பெண்ணின் வீட்டு முகவரியைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். மறவாதே, கடிதத்தை நேராக அவளுக்கே அனுப்பு. என் பெயருக்கு அனுப்பி என் கைவழியாகப் போகும்படி வைக்காதே, என்னை வாசித்துக் காட்டவும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா